இலவசமாக வந்த நாச்சிமுத்து

மேட்டுப்பாளையத்தில், பவானி ஆற்றுக்குப் போகும் வழியில் மூன்றாவது சந்தில் குடியிருந்த வசந்தாமணிக்கு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கடைச் சீட்டின் பேரில் இன்னொரு புருஷன் இலவசமாகக் கிடைத்தார். செய்தி பரவியபோது அது எப்படி நடந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கடை, எத்தனாம் தேதி வரைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

வசந்தாமணிக்குக் கிடைத்ததில் யாருக்கும் பொறாமை கூட இல்லை, ஏனென்றால் அந்த ஊரில் சலுகை என்று ஒன்று பிறந்தால் அது முதலில் அவள் வீட்டு வாசலுக்குத்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைப் பேப்பரோடு வரும் துண்டுக் காகிதங்களையும், சோப்பு உறையின் உள்பக்கத்தில் ஒளிந்திருக்கும் அரை விலைச் சீட்டுகளையும், டீத்தூள் பொட்டலத்தின் முதுகில் இருக்கும் முத்திரைகளையும் பிளேடால் பிசிறில்லாமல் வெட்டி, நகைக்கடையில் கொடுத்த ஜிப் பையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பாள். பக்கத்து வீட்டு மைமூன் தன்னிடமுள்ள துணி சோப்புச் சீட்டுகளை இவளிடம் கொடுத்துவிட்டு நோன்புக்கு ஆகும் சேமியாச் சீட்டுகளை வாங்கிக்கொள்வாள். புளியை மாசியிலும் மிளகாயைப் பங்குனியிலும் வாங்கி, பருப்பைச் சித்திரை வெயிலில் காயவைத்து, வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு டின்னில் அடைத்து, புதிதாக வந்ததைப் பின்னால் தள்ளி, தேதி நெருங்கியதை முன்னால் நிறுத்துவாள், அந்த வீட்டுச் சாமான் அறை ஒரு ராணுவ முகாம் போல ஒழுங்காக இருக்கும். கண்டதையும் வாங்கிக் குவிப்பவள் அல்ல. வேண்டாத பொருள் ஓசியில் கிடைத்தாலும் நட்டம்தான் என்பது அவள் மைமூனுக்கு அடிக்கடி சொல்வது.

அவள் கணவர் நாச்சிமுத்து ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் வால்வு திறப்பவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது இருபத்திநான்கு வருஷமாக அவர் கையில் இருந்தது, அதனால் ஊரே அவரைத் தெரிந்து வைத்திருந்தது. வீட்டில் மட்டும் அவரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருவார், சாப்பிடுவார், பை தூக்கக் கூட வருவார், பேசமாட்டார். ஒரே மகள் சேலத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போன பிறகு வீட்டில் மிக்சி ஓடும் சத்தம்தான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை நிறைநாழி சூப்பர் மார்க்கெட்டில் ஆடித் தள்ளுபடி. பேப்பரோடு வந்த சீட்டில், இதைக் கொண்டுவருபவர் கடையிலிருந்து எடுத்துச் செல்லும் ஏதேனும் ஒன்றுக்கு அதே போல் இன்னொன்று இலவசம் என்று அச்சிட்டிருந்தது. வசந்தாமணி ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின்னை மனதில் வைத்து நான்கு நாளாகக் காத்திருந்தாள். கணவரோடு வரிசையில் நின்று கல்லாவை அடைந்தபோது, எண்ணெய் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றாள் கல்லாவில் இருந்த ஜெனிபர். அதற்குள் சீட்டில் துளை போட்டுவிட்டிருந்தாள். துளை போட்ட சீட்டைத் திருப்பித் தர முடியாது, வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள்.

வசந்தாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எண்ணெய் இல்லீன்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் கண்ணு. இவரக் கூட்டிட்டுப் போறேன், போதும்" என்றாள்.

ஜெனிபர் எதையோ தட்டினாள், மிஷின் ரசீதைத் துப்பியது, இவர்கள் வெளியே வந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் மொபெட்டின் இந்தப் பக்கம் ஒரு நாச்சிமுத்துவும் அந்தப் பக்கம் ஒரு நாச்சிமுத்துவும் நின்று, சட்டைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். இருவர் பையிலும் சாவி இருந்தது. இருவர் இடது செருப்பிலும் வார் ஊக்கு போட்டுக் கோத்திருந்தது.

வசந்தாமணி வழக்கம் போல ரசீதைப் படித்தாள். கணவர் ஒன்று, இலவசம் ஒன்று என்று தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே திரும்பிப் போய், இதை வைத்துக்கொண்டு எண்ணெய் வந்ததும் டின்னாகக் கொடுக்க முடியுமா என்று முதலாளி சிங்காரத்திடம் கேட்டாள். அவர் மரியாதையாக எழுந்து நின்று, இலவசப் பொருள் மாற்றித் தரப்படமாட்டாது என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லாததால் மூன்று பேரும் மொபெட்டை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

சனிக்கிழமையானதால் மதியம் எண்ணெய்க் குளியல். இருந்த எண்ணெயை இரண்டு தலைக்கும் பங்கிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒருவரின் வலது காதுக்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட்டின் அடியில் இருப்பது போல ஊதா மையில் புள்ளி எழுத்துகள் இருப்பதை அவள் பார்த்தாள். 'இலவசம். விற்பனைக்கு அல்ல. ஜனவரி 31க்குள் பயன்படுத்தவும்.' சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. இன்னொருவர் காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சேலத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள், இரண்டு பேருமே குறட்டை விடுகிறார்களா என்று மட்டும் விசாரித்தாள்.

திங்கட்கிழமை நிறைநாழி வாசலில் அறுபது பெண்கள் அறுபது புருஷன்மார்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிங்காரம் சலுகை முடிந்துவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு பெண், இலவசம் இல்லாவிட்டால் போகிறது, பழசைப் போட்டுப் புதுசு எடுக்கும் திட்டமாவது இருக்கிறதா என்று கேட்க, அவள் புருஷனும் ஆவலோடு பதிலை எதிர்பார்த்து நின்றார். அன்று மாலை ஊரிலுள்ள மனைவிமார் எல்லோரும் புருஷன்மாரின் காதை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். சின்ன வயதில் குத்திய காதுத் துளையும், தலைச்சாயம் வழிந்த கறையும்தான் இருந்தன. ஏதோ பிரியத்தில் காதைத் தொடுகிறாள் என்று நினைத்துச் சில ஆண்கள் மறுநாள் பூ வாங்கி வந்தார்கள்.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழையவரை அசலார் என்றும் புதியவரை இலவசத்தார் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மன் கோயில் பூசாரி, பேரும் ஒன்று நட்சத்திரமும் ஒன்று என்பதால் அர்ச்சனைக்கு ஒரு சீட்டே போதும் என்று தீர்ப்புச் சொன்னார். முடிதிருத்துபவர், இந்தத் தலை ஏற்கெனவே பழக்கமான தலை என்று இரண்டாவதற்குப் பாதிக் கூலி வாங்கினார். ரேஷன் கடையில் மட்டும் அட்டையில் பெயர் இல்லாதவருக்குச் சர்க்கரை கிடையாது என்றார்கள், அதை இலவசத்தாரே ஒப்புக்கொண்டார்.

ஓசியில் வந்தவர்தானே என்று எல்லோரும் அவரை இரவல் கேட்டார்கள். சந்துக் கோடியில் தனியாக இருந்த கமலவேணி டீச்சர் சுவரில் பலகை அடிக்கக் கேட்டார். மைமூன் தன் அத்தாவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக உட்காரக் கேட்டாள். சீர் தூக்க, சிலிண்டர் மாற்ற, கேரம் விளையாட்டில் நாலாவது ஆளாக உட்கார என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போன இடத்திலெல்லாம் அவர் சிரித்துப் பேசினார். அசலாருக்குத் தெரிந்த கதைகள்தான் அவருக்கும் தெரியும், ஆனால் அசலார் அவற்றை யாருக்கும் சொன்னதில்லை. நாச்சிமுத்துவுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று ஊர் வியந்தது, அதுதான் ஊர் அந்த விஷயத்தில் வியந்த ஒரே இடம்.

தை வரைக்கும் வரும் என்று வைத்த துவரம்பருப்பு புரட்டாசியிலேயே தீர்ந்துபோனது. இலவசம் என்பது எவ்வளவு சாப்பிடும் என்று வசந்தாமணி அப்போதுதான் கண்டாள். ஆனாலும் அவள் கை தன் பழக்கத்தை விடவில்லை. தேதி நெருங்கியதை முன்னால் எடு, மற்றதைப் பின்னால் வை என்று இருபத்திரண்டு வருஷமாகச் செய்த கை, இலவசத்தாரை முன்னால் வைத்தது, அசலாரைப் பின்னால் தள்ளியது. இலவசத்தாருக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் வாரம் மூன்று நாள் ஆனது. அது அசலாருக்கும் பிடித்ததுதான், ஆனால் நெய் முதலில் இந்தத் தட்டில் விழுந்தது. மத்தியானக் காட்சிக்கு இலவசத்தாரோடு போனாள். ஊட்டிக்குப் போகும் மலை ரயில் தினமும் காலையில் அவர்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது, எங்கெங்கோ இருந்து வந்து ஜனங்கள் ஏறுகிறார்கள், இவள் ஒரு நாளும் ஏறியதில்லை, இங்கேதானே இருக்கிறது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். ஐப்பசியில் இலவசத்தாரோடு ஏறினாள்.

ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. பதினாறு சுரங்கங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், அந்தக் கூச்சலின் மறைவில் அவள் பாட்டு முணுமுணுத்தாள், யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மேலே போய்க் குளிரில் கேரட் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, சாப்பிடாமல் காத்திருந்த அசலார் எழுந்தார். அவர் வீட்டில் குரல் உயர்த்திப் பேசி வசந்தாமணி கேட்டதில்லை. அன்றும் அவர் உயர்த்தவில்லை.

"எனக்குத் தேதி போடாம உட்டது என் தப்பா வசந்தா?" என்றார்.

இலவசத்தார் தலையைக் குனிந்துகொண்டு, தட்டெடுத்து வைக்கச் சமையலறைக்குப் போனார். அசலார் சாப்பிடாமல் நீரேற்று நிலையத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டுக்கு வந்ததெல்லாம் குளிக்க மட்டும்தான். அந்த நான்கு நாளும் ஊரில் தண்ணீர் கலங்கலாக வந்தது, காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் புகார் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வசந்தாமணி தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போய் வால்வுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊட்டியில் குளிர் அதிகம் என்று சொன்னாள். அவர், இருக்கும் என்றார். சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவளோடு நடந்து வந்தார். அவ்வளவுதான் சமாதானம், கோபம் உள்ளே அப்படியே இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் ஊருக்குத் தேதி நினைவு வந்தது. கமலவேணி டீச்சர்தான் முதலில் நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னார். ஆளாளுக்கு யோசனை கொடுத்தார்கள். பூச்சி வராமல் இருக்க வேப்பிலையும் வரமிளகாயும் இலவசத்தாரின் சட்டைப்பையில் போட்டார்கள். மாடியில் பாய் விரித்து, பருப்பைக் காயவைப்பது போல இரண்டு வெயில் காயவைத்துத் திருப்பிப் போட்டார்கள். உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவர் தன் குளிர்கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கித் தருவதாகவும், நீலகிரிக் கிழங்கே அங்கே ஆறு மாசம் முளைக்காமல் இருக்கிறது என்றும் சொன்னார். இலவசத்தார் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், வெயிலில் காய்ந்தபடியே கீழே இருந்தவர்களுக்குக் கதை சொன்னார்.

வசந்தாமணி யார் பேச்சையும் கேட்காமல் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இனி யாருக்கும் இரவல் இல்லை என்று சொல்லிவிட்டு, அவரைச் சாமான் அறையில், பருப்பு டின்களுக்கும் புளிப் பானைக்கும் நடுவே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். உபயோகித்தால்தானே தீரும், உபயோகிக்காமல் வைத்தால் நீடிக்கும் என்பது அவள் எண்ணம். மூன்று வேளையும் சோறு உள்ளே போனது. பேச்சு கூடத் தேய்மானம் என்று அவள் பேசவில்லை. பத்தாம் நாள் கதவைத் திறந்தபோது அவர் முகம் வெளிறி, பழைய ரவையின் வாடை அடித்தது. காதுக்குப் பின்னால் தேதி அப்படியே இருந்தது.

"பயன்படுத்தவும்னுதான போட்டிருக்குது அம்மிணி, பத்திரப்படுத்தவும்னு போடலியே" என்றார் அவர், குறையாக இல்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல.

வசந்தாமணி புளிப் பானையின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அந்த அழுகை கேட்டு உள்ளே வந்த அசலார், அறையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இலவசத்தாரின் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்து வெந்நீர் வைத்தார். தன் முதுகுக்குத் தானே தேய்த்துவிட முடிகிற வாய்ப்பு உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும், அசலார் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

மார்கழியும் தையும் அந்த வீடு நிறைந்து கிடந்தது. இலவசத்தார் மறுபடி ஊருக்கெல்லாம் போனார், ஆனால் வெயில் சாயும் முன் வந்துவிடுவார். மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து பொரி தின்றார்கள். இலவசத்தார் பேச ஆரம்பித்த கதையை நடுவில் நிறுத்துவார், அசலார் வேறு வழியில்லாமல் முடித்துவைப்பார். அப்படிச் சொல்லிச் சொல்லி அசலாருக்கும் கதை சொல்லப் பழக்கம் வந்தது. ஒரு நாள் இலவசத்தார் வாயே திறக்காமல், அசலார் தானாகவே, தண்ணீர்க் குழாயில் ஆமை வந்த கதையைத் தொடங்கினார். வசந்தாமணி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி காலையில் வாசலில் கூட்டம். இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஆளுக்கொன்று கொண்டு வந்திருந்தார்கள். மைமூன் கடற்பாசி இனிப்பு செய்து கொண்டுவந்தாள். பூசாரி விபூதியும், டீச்சர் கைக்குட்டையும் கொண்டுவந்தார்கள். சிங்காரம் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னைத் தூக்கி வந்து, இது கடைக் கணக்கில் இல்லை என் கணக்கு என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். இலவசத்தார் எல்லோரிடமும் நன்றாகப் பேசினார், தலைவாழை இலையில் திருப்தியாகச் சாப்பிட்டார். வசந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தெரியும் என்பது போலத் தலையாட்டினார். பிறகு, மதியத் தண்ணீர் திறக்கும் நேரமாகிவிட்டது, நானும் கூடப் போய்வருகிறேன் என்று அசலாரோடு கிளம்பினார்.

வழி நெடுக இலவசத்தார் பேசிக்கொண்டே வந்ததாக அசலார் பின்னால் சொன்னார். அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும், கேட்கமாட்டாள், நீதான் நகர்ந்து இடம் விட வேண்டும். சத்தம் இருக்கிற இடத்தில் பாடுவாள், அப்போது அந்தப் பக்கம் திரும்பாதே. நீ போடுகிற காபி அவளுக்குக் கசக்கிறது, இருபத்திரண்டு வருஷமாகக் குடிக்கிறாள். இப்படி ஒவ்வொன்றாக. நீரேற்று நிலையத்தில் பெரிய வால்வின் சக்கரம் இறுகிப்போயிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினார்கள், நாலு கையும் ஒரே கை போலச் சுற்றியது. தண்ணீர் பாயும் சத்தம் வந்ததும், போதும் விடு என்று சொல்ல அசலார் நிமிர்ந்தார். சக்கரத்தில் அவருடைய இரண்டு கைகள்தான் இருந்தன. அன்று தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் போனது, மேட்டுத் தெருவில் இதுவரை தண்ணீரே ஏறாத மூன்றாம் மாடிக் குழாய்கள் மோட்டார் இல்லாமல் கொட்டின. ஜனங்கள் வீட்டில் இருந்த குடத்தையெல்லாம் கொண்டுவந்து அடியில் வைத்தார்கள்.

அசலார் சாயங்காலம் வரை வரவில்லை. வசந்தாமணி போய்ப் பார்த்தாள். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தை போலத் தேம்பிக்கொண்டிருந்தார்.

"என்னைய முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆளு வசந்தா. தெரிஞ்சும் என்கிட்டச் சிரிச்சுப் பேசுனான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் இறந்துபோன சொந்தக்காரர் ஒருவருக்காக அழுவது போல அழுதார்கள். ஊரில் அவருக்குக் காரியம் செய்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஆள்தான் இருக்கிறாரே என்று பூசாரி சொல்லிவிட, பதினாறாம் நாள் சந்து முழுவதும் சேர்ந்து அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிறகு வெயில் வந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் நாச்சிமுத்து இருபத்திநான்கு வருஷத்தில் முதல் தடவையாக உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் விடுப்புப் போட்டார். இருவரும் ஆற்றுப் பாலம் வரை நடந்தார்கள், அவர் தண்ணீர்க் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தின் முனையில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். விலை அதிகம். வசந்தாமணி விலை கேட்டாள், பேரம் பேச வாயெடுத்தாள், பிறகு பேசாமல் கையை நீட்டினாள். பனையோலையில் வைத்துக் கொடுத்ததை நின்றபடியே, தோலோடு, முழங்கை வரை நீர் வழியத் தின்றார்கள். ஆளுக்கு ஆறு ஆனது.

வீட்டுக்கு ஒரு டஜன் கட்டிக்கொள்வோமா என்று நாச்சிமுத்து கேட்டார். நாளைக்கும் ஆகுமே என்றார்.

வசந்தாமணி சேலைத் தலைப்பில் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. நாளைக்கு வேணும்னா நாளைக்கு நடந்து வருவோம்" என்றாள்.